ஓடுவதற்கு நேரம் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஓட ஆரம்பிக்கலாம் என்று முடிவு எடுத்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, அலாரத்தை நாலரைக்கு மாற்றுவது. ஷூ வாங்குவதுகூட அப்புறம்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரவு படுக்கப் பன்னிரண்டு ஆகும், அதில் கை வைக்கவில்லை, எழும் நேரத்தை மட்டும் முன்னே இழுத்துவிட்டேன். முதல் வாரம் ஊரே தூங்கும்போது நான் மட்டும் ஓடுகிறேன் என்று ஒரே பெருமை. இரண்டாவது வாரம் மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கியது. மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வலி வந்து ஓட்டமே நின்றுபோனது. தூரத்தையும் அவசரமாகக் கூட்டியிருந்தேன், அதனால் பழி முழுவதையும் தூக்கத்தின் மேல் போட மாட்டேன். ஆனால் தூங்கி எழுந்த உடம்பாக இருந்திருந்தால் அந்த வலி வருவதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று புரிந்திருக்கும்.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான், ஓட்டத்துக்கான நேரத்தைத் தூக்கத்திலிருந்து வெட்டி எடுப்பது. ஓடும்போது தசைகள் களைத்து லேசாகச் சேதமாகின்றன, அவை தேறுவதில் பெரும்பங்கு தூக்கத்துக்கு உண்டு. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். அப்படியென்றால் நாலரைக்கு எழ நினைப்பவர் ஒன்பதரைக்குத் தூங்கியிருக்க வேண்டும், படுத்து போனைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உங்கள் வீட்டுச் சூழலில் அது நடக்காது என்றால் அதிகாலை ஓட்டம் உங்களுக்கானது இல்லை, அவ்வளவுதான். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

காலையில் ஓடினால்தான் ஓட்டம் என்று நினைப்பது அடுத்த தவறு. உடலின் உள்வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலை நான்கு, ஐந்து மணி வாக்கில் மிகக் குறைவாக இருக்கும், பிறகு மெல்ல ஏறி மாலை 4 முதல் 7 மணிக்குள் உச்சத்துக்கு வரும். வித்தியாசம் சுமார் ஒரு டிகிரி செல்சியஸுக்குள்தான், ஆனால் தசைக்கு அது தெரியும். மாலையில் மூட்டுகள் இளகியிருக்கும், தசை வலுவும் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். அதனால் ஒரே வேகம் காலையில் மலையேறுவது போலவும் மாலையில் சாதாரணமாகவும் தோன்றலாம். இது தெரியாமல் நேற்று மாலை ஓடிய வேகத்தை இன்று காலை ஸ்மார்ட்வாட்சில் பார்த்து, "எனக்கு என்ன ஆச்சு?" என்று நொந்துகொள்பவர்கள் நிறைய. காலை ஓட்டத்தைக் காலை ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள், போதும்.

அதே காரணத்தால், படுக்கையிலிருந்து நேரே சாலைக்கு இறங்கி வேகமெடுப்பதும் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் நடை, பிறகு மெதுவோட்டம், அதற்கு மேல்தான் மற்றது. எழுந்தவுடன் குனிந்து கால் விரலைத் தொடும் பழக்கத்தையும் தள்ளிவையுங்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம்.

வெயில் விஷயத்தில்தான் ஏமாறுவது சுலபம். சூரியன் இல்லை என்பதும் சூடு இல்லை என்பதும் வேறு வேறு. 2019 செப்டம்பரில் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், காற்றில் ஈரப்பதமும் அதிகம். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை, இத்தனைக்கும் எல்லாரும் உலகத் தரம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும், ஈரம் நிறைந்த காற்றில் அது ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். ஈரப்பதம் பொதுவாக விடியலில்தான் உச்சம், வெப்பம் அப்போதுதான் குறைவு. ஆகவே வானிலைச் செயலியில் இரண்டு எண்ணையும் பாருங்கள். மாலையில் காற்று ஆறியிருந்தாலும் தார்ச்சாலை பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். கோடை தொடங்கும்போது உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை வேகத்தை விட்டுவிடலாம்.

"விடியற்காலைக் காற்று சுத்தமானது" என்பதும் எப்போதும் உண்மையில்லை. குளிர்காலத்தில் காற்றசைவு இல்லாத நாட்களில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான அடுக்கு ஒன்று மூடிபோல உட்கார்ந்துவிடும், புகையும் தூசியும் மேலே போக வழியின்றி மூக்கு உயரத்திலேயே தங்கிவிடும். கடும் வெயில் நாட்களில் கதையே வேறு, பிற்பகலில் நுரையீரலை உறுத்தும் ஓசோன் வாயு தரைமட்டக் காற்றில் கூடும்.

வெறும் வயிற்றில் காலையில் ஓடினால் எடை வேகமாகக் குறையும் என்று நம்பி அலாரம் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும் நேரத்தில் கொழுப்பு சற்று அதிகம் எரியும் என்பது சரி, ஆனால் மொத்தத்தில் எவ்வளவு சாப்பிட்டோம், எவ்வளவு செலவழித்தோம் என்பதுதான் எடையைத் தீர்மானிக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் செய்யவே கூடாது.

இரவில் ஓடினால் தூக்கம் கெடும் என்ற பயமும் பாதிதான் சரி. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்க ஓடினால்தான் பொதுவாகச் சிக்கல், ஏழு மணிக்கு ஓடிவிட்டுப் பத்தரைக்குப் படுப்பவருக்குப் பிரச்சினை வருவது அரிது. இருட்டில் ஓடும்போது எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள், காதில் எதையும் மாட்டாதீர்கள்.

மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மாலையிலேயே பயிற்சி செய்வது கடைசித் தவறு. பெரும்பாலான மாரத்தான்கள் காலையில்தான். உடல் பழகிய நேரத்தில்தான் நன்றாக ஓடும், வயிறும் அப்படியே. கடைசி மூன்று நான்கு வாரத்தில் நீண்ட ஓட்டத்தையாவது போட்டி தொடங்கும் நேரத்துக்கே மாற்றிக்கொள்ளுங்கள், அன்றைக்கு என்ன சாப்பிடப் போகிறீர்களோ அதையே சாப்பிட்டுப் பாருங்கள். என் முதல் அரை மாரத்தானில் நான்காவது கிலோமீட்டரிலேயே கழிப்பறையைத் தேடி ஓடினேன், அன்று நான் ஓடியதிலேயே வேகமான பகுதி அதுதான்.