ஒரே துண்டு டிரைவ்ஷாஃப்ட்: வாங்கும் முன்னும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்சக்கர இயக்கமுள்ள வேகக் கார்கள் பலவற்றில், கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) நடுவே ஓடும் ஷாஃப்ட் இரண்டு துண்டாகத்தான் வருகிறது. நடுவில் ரப்பரில் தொங்கும் ஒரு சென்டர் பேரிங், சில கார்களில் முன்முனையில் ரப்பர் கப்ளிங். இவை அத்தனையையும் கழற்றிவிட்டு அலுமினியத்திலோ கார்பன் ஃபைபரிலோ ஒரே துண்டாக மாட்டுவது நல்ல மாற்றம்தான். தேய்ந்துபோக சென்டர் பேரிங் இருக்காது, ஜாயிண்ட் எண்ணிக்கை குறையும், கிளட்சைச் சட்டென்று விடும்போது ஷாஃப்ட் தாங்கும். ஆனால் "எவ்வளவு குதிரைத்திறன் தாங்கும்?" என்று மட்டும் கேட்டு வாங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. சாலையில் ஓடும் காரில் ஷாஃப்ட் முறுக்கத்தால் உடைவதைவிட, அதன் நீளத்துக்கு ஒவ்வாத வேகத்தில் சுற்றி நாசமாவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

வேகக் கணக்குப் போடாமல் வாங்குவது

எந்தக் குழாய்க்கும் ஒரு மாறுநிலை வேகம் உண்டு. அதை எட்டும்போது, கயிறாட்டத்தில் கயிறு வளைந்து சுழல்வதுபோலக் குழாயின் நடுப்பகுதி வெளியே வளைந்து சுழலத் தொடங்கும். அந்த வேகத்திலேயே ஓட்டினால் குழாய் மடங்கும், அல்லது ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டு வரும். இந்த வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். நீளம் இரட்டித்தால் வேகம் கால்வாசி. தொழிற்சாலை ஷாஃப்டை இரண்டாக வெட்டி நடுவில் பேரிங் வைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஜாயிண்ட் மையத்திலிருந்து ஜாயிண்ட் மையம்வரை 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 76 மிமீ வெளிவிட்டம், 2.1 மிமீ தடிப்புள்ள ஸ்டீல் குழாய்க்கு மாறுநிலை வேகம் ஏறக்குறைய 5,600 ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). 101.6 மிமீ விட்டம், 3.2 மிமீ தடிப்புள்ள அலுமினியக் குழாய்க்கு ஏறக்குறைய 7,370. இது வெறும் குழாய்க்கான கணக்கு. யோக் (ஜாயிண்டைப் பிடிக்கும் கவை), வெல்டிங், பேரிங் நெகிழ்வு எல்லாம் சேரும்போது உண்மையான எண் இதைவிடக் குறைவு. அதனால் 75 சதவீதத்தையே எல்லையாகக் கொள்ளுங்கள்: ஸ்டீலுக்கு 4,200, அலுமினியத்துக்கு 5,500.

இனி உங்கள் ஷாஃப்ட் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். டயரின் சுற்றளவு 2.05 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 3.73 என்றால், 160 கிமீ வேகத்தில் ஷாஃப்ட் 4,850 ஆர்.பி.எம், 200-இல் 6,065, 250-இல் 7,580. அதாவது மேலே சொன்ன ஸ்டீல் குழாயின் பாதுகாப்பு எல்லை 138 கிமீயிலேயே முடிந்துவிடுகிறது. தடித்த அலுமினியக் குழாய்க்கு 181 கிமீ. எஞ்சின் ரெட்லைனை (எஞ்சினின் உச்சச் சுற்று வேகத்தை) வைத்து இதைக் கணக்கிடுவது பரவலான பிழை. ஓவர்டிரைவ் கியரில் ஷாஃப்ட் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும். டயர் சுற்றளவு, டிஃபரன்ஷியல் விகிதம், காரின் உச்ச வேகம் இந்த மூன்றிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். பின்னாளில் 3.73-ஐ 4.10 ஆக்கும் எண்ணம் இருந்தால் 4.10-ஐ வைத்தே போடுங்கள்.

"ஸ்டீலைவிட அலுமினியம் லேசு, அதனால் அதிக வேகம் தாங்கும்" என்பதும் பாதி உண்மைதான். விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. அலுமினியத்தில் கூடுதல் எடையில்லாமல் விட்டத்தைப் பெரிதாக்க முடிகிறது, லாபம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரே விட்டத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் எல்லையை எட்டும். கார்பன் ஃபைபரில் அந்த விகிதமே உயர்வு. 2013 ஷெல்பி ஜிடி500, 2014-இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3, எம்4 ஆகியவற்றுக்குத் தொழிற்சாலையே ஒரே துண்டு கார்பன் ஷாஃப்ட் கொடுத்தது இதனால்தான். ஆனால் கார்பனில் நார்கள் எந்தக் கோணத்தில் சுற்றப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். உங்கள் நீளத்துக்கு மாறுநிலை வேகம் என்ன என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

எடை குறைந்தால் பிக்கப் பறக்கும் என்று நம்புவது

18 கிலோ ஸ்டீல் ஷாஃப்ட், சராசரி ஆரம் 38 மிமீ. அதற்குப் பதில் 9 கிலோ அலுமினியம், ஆரம் 50 மிமீ. எடை பாதி. ஆனால் நிலைமத் திருப்புத்திறன் (சுழல வைக்கும்போது காட்டும் எதிர்ப்பு, கிலோ·மீ² அளவில்) 0.026-லிருந்து 0.0225 ஆகத்தான் குறைகிறது, ஏனென்றால் விட்டம் பெருத்துவிட்டது. டிஃபரன்ஷியல் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கிச் சக்கரத்தில் பார்த்தால் 0.36, 0.31. ஒரு சக்கரமும் டயரும் சேர்ந்தாலே சுமார் 1.6 வரும். முடுக்கத்தில் இதை உணர முடியாது. 9 கிலோ எடை குறைவது நல்லது, அவ்வளவே.

அளவெடுப்பதில் வரும் பிழைகள்

லிஃப்டில் தூக்கிச் சக்கரங்கள் தொங்க அளப்பதுதான் முதல் பிழை. கார் தன் சொந்த எடையில் சக்கரத்தின்மேல் நிற்க வேண்டும். லைவ் ஆக்ஸில் (இரு பின்சக்கரங்களும் டிஃபரன்ஷியலும் ஒரே அச்சாக இணைந்த அமைப்பு) கார்களில் தொங்கும் நிலையில் நீளமும் கோணமும் இரண்டுமே மாறிவிடும்.

ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸுக்குள் உள்ளே–வெளியே நகரும் முனை) உள்ள காரில், யோக்கை கியர்பாக்ஸுக்குள் முட்டும்வரை தள்ளி, பிறகு 20 முதல் 25 மிமீ வெளியே இழுத்து, அந்த நிலையில் ஜாயிண்ட் மையங்களுக்கு இடையே அளக்க வேண்டும். இடைவெளி குறைந்தால், பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது ஷாஃப்ட் கியர்பாக்ஸின் அவுட்புட் பேரிங்கை நேராக இடிக்கும். அதிகமானால் ஸ்ப்லைன் (நீளவாட்டுப் பல்வரிசை) பிடிப்புக் குறைந்து யோக் ஆடும், ஆயில் சீல் கிழியும். ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) வகையில் முகத்திலிருந்து முகம்வரை அளங்கள். சி.வி. ஜாயிண்ட் (கோணத்திலும் சீரான வேகத்தில் சுற்றும் ஜாயிண்ட்) உள்ளே–வெளியே நகரும் வகை என்றால், மாட்டிய நிலையில் அது தன் பயணத்தின் நடுவில் நிற்க வேண்டும்.

விட்டம் 76-லிருந்து 101.6 மிமீ ஆகும்போது ஒவ்வொரு பக்கமும் 12.8 மிமீ இடம் குறைகிறது. எக்சாஸ்ட், ஹேண்ட்பிரேக் கேபிள், டனலின் குறுக்குத் தகடு, பழைய சென்டர் பேரிங் பிராக்கெட்டின் நீட்டிய ஸ்டட் எல்லாவற்றையும் பாருங்கள். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கியும் முழுதாகத் தொங்கியும் இருக்கும்போது குறைந்தது 12 மிமீ இடைவெளி வேண்டும். கார்பனாக இருந்தால் எக்சாஸ்டின் வெப்பத் தகட்டைக் கழற்றவே கூடாது. சூட்டில் முதலில் கெடுவது நார்களை ஒட்டிப்பிடிக்கும் ரெசின்.

கோணத்தைத் தொடாமல் விடுவது

இரண்டு துண்டு ஷாஃப்டில் நடுவில் ஒரு மடிப்பு இருந்தது. அதை எடுத்ததும் முன், பின் ஜாயிண்ட் இரண்டின் கோணமும் மாறிவிடும். "பழைய ஷாஃப்டில் சரியாக இருந்ததே" என்று அளக்காமல் விடுகிறார்கள், அதிர்வு வந்தபின் ஷாஃப்டைக் குறை சொல்கிறார்கள்.

யூ ஜாயிண்ட் (நடுவில் சிலுவைத் துண்டுள்ள ஜாயிண்ட்) கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பின் ஜாயிண்டின் கோணம் முன்னதற்குச் சமமாகவும் எதிராகவும் இருந்தால்தான் அது அழியும். டிஜிட்டல் கோணமானியை கியர்பாக்ஸின் அவுட்புட், ஷாஃப்ட் குழாய், பினியன் (டிஃபரன்ஷியலின் உள்ளீட்டுப் பல்சக்கரம்) ஃபிளேஞ்ச் மூன்றிலும் வைத்து அளங்கள். இரு ஜாயிண்ட் கோணங்களுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள், ஒவ்வொன்றும் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது. அரை டிகிரியாவது இல்லையென்றால் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும். லைவ் ஆக்ஸிலில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் மூக்கு மேலே ஏறும், அதற்காக நிற்கும் நிலையில் சற்றுக் கீழே வைக்க வேண்டும். கியர்பாக்ஸ் மவுண்டும் டிஃபரன்ஷியல் புஷ்ஷும் தொய்ந்திருந்தால் இந்த அளவெல்லாம் வீண். அவற்றை முதலில் மாற்றுங்கள்.

மாட்டும்போது

காரை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள். ஸ்லிப் யோக்கை உருவியதும் பல கியர்பாக்ஸ்களில் எண்ணெய் கொட்டும், அடைக்க மூடி தயாராக இருக்கட்டும். ஒரு முனையைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை மறுமுனையில் தொங்கவிடாதீர்கள், சி.வி. ஜாயிண்டின் பூட் கிழிந்துவிடும்.

ஃபிளேஞ்ச் முகங்களில் ஒட்டியிருக்கும் துருவும் பெயிண்டும் மிகச் சிறியவைதான், ஆனால் ஷாஃப்டை மையத்திலிருந்து விலக்க அதுவே போதும். சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். ஃபிளேஞ்ச் தன் மைய வளையத்தில் இறுக உட்கார வேண்டும். போல்ட் துளைகள் மையப்படுத்தும் என்று நம்பி, லூசான அடாப்டர் போடுவது அதிர்வை விலைகொடுத்து வாங்குவது. ஒருமுறைக்கு மட்டுமான போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச்சால், காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு முடுக்குங்கள். பிறகு டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். குழாயின் முனைகளில் 0.25 மிமீ, நடுவில் 0.4 மிமீக்கு மேல் ஓடினால் (மையம் விலகி ஆடினால்) ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

பேலன்ஸ் விஷயத்தில் ஒரு கேள்வி: எந்தத் தரத்துக்கு, எந்த வேகத்தில் பேலன்ஸ் செய்தார்கள்? சர்வதேசத் தரத்தில் சாதாரணக் கார் ஷாஃப்டுக்கு ஜி40, கடுமையான தேவைக்கு ஜி16. ஒரே துண்டுக்கு ஜி16 கேட்டு வாங்குங்கள்.

அதிர்வு வந்தால்

எந்த வேகத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த வேகத்திலேயே நியூட்ரலுக்குப் போங்கள். எஞ்சின் அடங்கியும் அதிர்வு தொடர்ந்தால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான். மேலே சொன்ன காரில் 100 கிமீயில் டயர் அதிர்வு 13.5 ஹெர்ட்ஸ், அது ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்ட் பேலன்ஸ் குறை 50 ஹெர்ட்ஸ், தரையில் ரீங்காரமாக வரும். கோணக் குறை 100 ஹெர்ட்ஸ். பேலன்ஸ் குறை என்றால் பின் ஃபிளேஞ்ச்சை 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள், பினியன் ஃபிளேஞ்ச்சின் ஓட்டமும் ஷாஃப்டின் ஓட்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளக்கூடும்.

ரப்பர் கப்ளிங் போனதால் கியர் மாற்றும்போது வரும் "டக்" சத்தம் குறை அல்ல. ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்தது இப்போது கேட்கிறது. அதே உதை டிஃபரன்ஷியலுக்கும் பக்க ஆக்ஸில்களுக்கும் நேராகப் போகிறது. 550 நியூட்டன் மீட்டர் எஞ்சினும் 3.6 முதல் கியரும் என்றால் ஷாஃப்டில் 1,980 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட் தாங்கிவிட்டால் அடுத்து உடைவது அவைதான்.

டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டு வேகப் பந்தயத் தடம்) ஓட்டுபவர் ஷாஃப்டைச் சுற்றிய பாதுகாப்பு வளையம் இல்லாமல் ஓட்டக் கூடாது. முன் ஜாயிண்ட் விட்டுப்போனால் ஷாஃப்டின் முனை தரையில் குத்திக் காரையே தூக்கிவிடும். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதியில் அந்த வளையம் முன் ஜாயிண்டிலிருந்து 150 மிமீக்குள், சுமார் 6 மிமீ தடிப்பும் 50 மிமீ அகலமும் உள்ள ஸ்டீலில் இருக்க வேண்டும். எந்த நாட்டில் ஓட்டினாலும் இந்த அளவுக்குக் குறையாமல் செய்யுங்கள். முதல் 100 கிமீ ஓடியதும் வளையத்தின் போல்ட்டையும் ஃபிளேஞ்ச் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சரிபாருங்கள்.