எறும்பைப் பார்த்துப் பாதை தேடும் நிரல் எழுதுவது எப்படி?

எல்லா ஊருக்கும் ஒரே ஒரு முறை போய், கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். தூரம் மிகக் குறைந்த சுற்று எது? பத்து ஊருக்கே 1,81,440 சுற்றுகள் வரும். இருபது ஊர் என்றால் ஒவ்வொன்றாகப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. 1992-இல் மார்கோ டோரிகோ தன் முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு எறும்புகளைத் துணைக்குக் கூப்பிட்டார்.

எறும்பு நடக்கும்போது ஃபெரோமோன் என்ற வாசனையைத் தரையில் விட்டுப் போகும். குறுக்குவழியில் போனது சீக்கிரம் திரும்பிவிடுவதால் அந்த வழியில் வாசனை முதலில் ஏறும், பின்னால் வருபவை அதையே பிடித்துக்கொள்ளும். சரி, இதைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுவோம்.

படி 1: இரண்டு அட்டவணைகள். ஒன்றில் தூரம், இன்னொன்றில் வாசனை. வாசனைக் கட்டங்கள் எல்லாவற்றிலும் 1 போடுங்கள்.

படி 2: ஒவ்வோர் ஊரிலும் ஓர் எறும்பை விடுங்கள். 'அ'-வில் நிற்கும் எறும்பு இன்னும் போகாத ஊர்கள் ஆ (2 கி.மீ.), இ (4), ஈ (5) என்று வைத்துக்கொள்வோம். வாசனையைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 0.25, 0.0625, 0.04. கூட்டுத்தொகை 0.3525. அதால் ஒவ்வொன்றையும் வகுத்தால் வாய்ப்பு 71%, 18%, 11%.

இனி 0-க்கும் 1-க்கும் இடையே குலுக்கல் முறையில் (random) ஓர் எண் எடுங்கள். 0.71-க்குள் விழுந்தால் ஆ, 0.89-க்குள் என்றால் இ, அதற்கும் மேல் ஈ. எல்லா ஊரும் முடியும்வரை இப்படியே தேர்ந்தெடுத்து, கடைசியில் கிளம்பிய ஊருக்குத் திரும்பட்டும். முதன்முதலில் எழுதியபோது நான் இந்தக் குலுக்கலை விட்டுவிட்டு, அதிக வாய்ப்புள்ள ஊரையே எடுத்தேன். எறும்புகள் கிடைத்த தடத்திலேயே செக்குமாடாகச் சுற்றின!

படி 3: எல்லாரும் சுற்றி முடித்ததும் வாசனை முழுவதையும் பாதியாக்குங்கள். அதாவது, ஆவியாக்குங்கள். பலர் தவிர்க்கும் வரி இதுதான். இது இல்லாவிட்டால், ஆரம்பத்தில் போன மோசமான வழிகளின் வாசனையும் அப்படியே தங்கிவிடும்.

அப்புறம் ஒவ்வோர் எறும்பும் தன் வழியில் 10 ÷ சுற்றின் நீளம் என்ற அளவு வாசனை சேர்க்கட்டும். 20 கி.மீ. சுற்றியது 0.5 போடும், 25 சுற்றியது 0.4. இரண்டும் போன சாலையில் 1.4 இருக்கும், யாரும் போகாததில் வெறும் 0.5. 'அ-ஆ' கட்டத்தை மாற்றினால் 'ஆ-அ' கட்டத்தையும் மாற்ற வேண்டும்.

படி 4: இரண்டாம், மூன்றாம் படிகளை ஒரு நூறு முறை ஓட்டி, இதுவரை கிடைத்த சிறந்த சுற்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஆகச் சிறந்தது என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் பெரும்பாலும் நல்ல விடையாகவே இருக்கும். எல்லா எறும்பும் சீக்கிரமே ஒரே தடத்தில் சிக்கிக்கொண்டால், எந்தச் சாலையிலும் வாசனை ஓர் அளவுக்குக் கீழே இறங்காமலும் மேலே ஏறாமலும் வரம்பு கட்டிப் பாருங்கள்.