ஜல்லிப் பாதையை மழை அள்ளிப் போகாமல் இருக்க

முதலில் ஒரு எச்சரிக்கை. கடையில் போய் ‘கிராவல்’ என்று கேட்டால் நம்மூரில் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். நான் சொல்லப்போவது ஜல்லி போட்ட பாதை. கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை கார் ஏறிவரும் பாதை, தோட்டத்துக்குள் நடக்கும் பாதை, இரண்டுக்கும் இதுதான் முறை.

எங்கள் தோட்டம் சிறுமலை அடிவாரத்தில். கேட்டிலிருந்து வீடு வரை 100 அடி, ஒரே ஏற்றம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முதல் வருஷம் கூழாங்கல் இரண்டு யூனிட் (ஒரு யூனிட் என்றால் 100 கன அடி) இறக்கினேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை. காலையில் பார்த்தால் பாதி கல் கேட்டுக்கு வெளியே விசிறி விரித்த மாதிரி கிடக்கிறது, பாதை நடுவில் ஒரு சாண் ஆழத்துக்கு ஓடை. திட்டிக்கொண்டே கல்லைச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தேன். வேலைக்கு வந்த கொத்தனார் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கல்லை எதுக்கு தம்பி திட்டுறீங்க? தண்ணிக்கு நீங்க வேற வழி விடல, அது இதுல வந்திருச்சு.”

அவர் சொன்னதுதான் விஷயம். ஜல்லி வாங்குவது கடைசி வேலை.

1. குடையோடு போய் நில்லுங்கள்

நல்ல மழை பெய்யும்போது பாதையில் நின்று, தண்ணீர் எங்கே உள்ளே நுழைகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். அந்த இடங்களில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வந்தால் போதும். மழை நின்றபிறகு பார்த்தால் தரை எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும், ஞாபகம் கைகொடுக்காது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சென்ட் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 400 லிட்டர். பாதைக்கு மேல்பக்கம் 20 சென்ட் சரிவு இருந்து, 5 செ.மீ. மழை கொட்டினால் 40,000 லிட்டர். மண் குடித்தது போகப் பாதி வந்தாலும் இரண்டு தண்ணி லாரியை உங்கள் பாதையில் திறந்துவிட்ட மாதிரி. அதோடு, தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிப் போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். ஆகவே வேகம் பிடிக்கும் முன்னாலேயே அதை வெளியே அனுப்பிவிட வேண்டும்.

2. மேலேயே மறியுங்கள்

பாதையின் மேட்டுப் பக்கம் ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் எடுங்கள். சரிவு அதிகமான இடத்தில் அடியில் கருங்கல் பதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வாய்க்காலே அரித்துப் பள்ளமாகிவிடும். மாடித் தண்ணீர்க் குழாய் பாதையில் ஊற்றுகிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் அரிப்பு தொடங்கிய இடமே அதுதான். இதையெல்லாம் பண்ணைக் குட்டைக்கோ கிணற்றோர உறிஞ்சுகுழிக்கோ திருப்பலாம். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அது மழையைவிடப் பெரிய தலைவலி.

3. வாட்டம்

பாதையின் நடு உயர்ந்து, இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்க வேண்டும். 10 அடி அகலப் பாதைக்கு நடுவில் இரண்டு முதல் இரண்டரை அங்குலம் மேடு போதும். கண் அளவை நம்பாதீர்கள். உள்ளே இருப்பது தெரியும் அரை அங்குல பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழ்கூட இருக்கக் கூடாது, இருந்தால் மட்டம் பொய் சொல்லும். ஒரு முனையை நடுவில் நட்ட குச்சியிலும் மறுமுனையை ஓரத்துக் குச்சியிலும் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து தரை வரை இரண்டு பக்கமும் அளந்து கழித்தால் வாட்டம் தெரிந்துவிடும். நடைபாதை என்றால் ஒரே பக்கம் சாய்த்தாலும் போதும்.

4. ஜல்லி

மேல்மண்ணை ஆறு அங்குலம் வழித்தெடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையாலோ வாடகை ரோலராலோ இறுக்குங்கள். அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதாவது மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் விரிக்கும் செயற்கை இழைத் துணி. இது தண்ணீரைக் கீழே விடும், கல்லைச் சேற்றில் புதையவிடாது. இரண்டு துணி சேரும் இடத்தில் ஒரு அடியாவது ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். தார்ப்பாய் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடவே கூடாது, தண்ணீர் இறங்காமல் கல்லோடு வழுக்கிக்கொண்டு போகும்.

துணிமேல் ஒன்றரை ஜல்லியும் (ஒன்றரை, முக்கால், அரை என்பதெல்லாம் அங்குலத்தில் கல்லின் அளவு) கிரஷர் தூசியும், அதாவது கல் உடைக்கும்போது விழும் தூளும், கலந்து நாலு அங்குலம். நனைத்து இறுக்கினால் தூசி இடுக்கில் இறங்கிக் கல்லைக் கவ்வும். அதன்மேல் முக்கால் ஜல்லி இரண்டு அங்குலம். உடைத்த கல்லாக இருக்க வேண்டும். முனை உள்ள கல் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், கூழாங்கல் கோலிக்குண்டு மாதிரி உருளும். 100 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு ஐந்து யூனிட். இறுகிப்போகும் கணக்குக்கு ஒரு யூனிட் சேர்த்துச் சொல்லுங்கள். நடக்க மட்டும் என்றால் மேலே அரை ஜல்லி போதும், காலுக்கும் இதம்.

ஓரத்தில் கல் பதிக்கும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். பாதையைவிட உயரமாக வரிசையாகக் கட்டிவிட்டால் நீங்கள் கட்டியது பாதை இல்லை, வாய்க்கால். ஓரக் கல் ஜல்லி மட்டத்துக்கே இருக்கட்டும், நாலைந்து அடிக்கு ஒரு இடைவெளியும் விடுங்கள்.

5. குறுக்கு மேடு

நீளமான ஏற்றத்துக்கு இது கட்டாயம். பாதைக்குக் குறுக்கே, கொஞ்சம் சாய்கோணமாக, கார் ஏறி இறங்கும்படி நாலைந்து அங்குல மேடும், அதற்கு மேல்பக்கம் ஒட்டி ஒரு தாழ்வும். ஓடிவரும் தண்ணீர் தாழ்வில் இறங்கி ஓரத்துக்குத் திரும்பிவிடும். 100 அடிக்கு 5 அடி ஏறும் பாதைக்கு 130 அடிக்கு ஒன்று, 10 அடி ஏறினால் 80 அடிக்கு ஒன்று, 15 அடி ஏறினால் 60 அடிக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. நம் ஐப்பசி மழைக்கு நான் இன்னும் நெருக்கித்தான் போடுவேன். தண்ணீர் வெளியே விழும் வாயில் கருங்கல் கொட்டி, அதன் கீழே வெட்டிவேர் நட்டுவிடுங்கள்.

100 அடிக்கு 15 அடிக்கு மேல் ஏறும் இடத்தில் வெறும் ஜல்லியோடு மல்லுக்கட்ட வேண்டாம். எங்கள் கேட்டருகே 20 அடி அப்படித்தான் இருந்தது. அங்கே மட்டும் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு கான்கிரீட் போட்டு, நடுவில் புல்லை வளரவிட்டேன்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு வாய்க்காலில் அடைத்த சருகை எடுங்கள். ஓரத்துக்கு ஒதுங்கிய ஜல்லியை வாருகோலால் நடுவுக்கு இழுங்கள். குழி விழுந்தால் அதில் ஜல்லியைக் கொட்டி மூடாதீர்கள், அடுத்த மழையில் அதே குழி வாய் திறக்கும். கடப்பாரையால் குழியின் அடியையும் விளிம்பையும் கிளறிவிட்டு, தூசி கலந்த ஜல்லியைப் போட்டு, நனைத்து, கட்டையால் இடியுங்கள்.