சும்மா இருக்கும் கணினி ஏன் இரைகிறது? திருட்டு மைனிங்கைக் கண்டுபிடித்து விரட்டும் வழி

எந்த வேலையும் கொடுக்காத லேப்டாப்பின் மின்விசிறி விடாமல் இரைகிறதா? அடிப்பக்கம் சுடுகிறதா? உங்களுக்குத் தெரியாமல் யாரோ அதில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கலாம், அதாவது கணினியை ஓயாமல் கணக்குப் போடவைத்து டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் மைனிங் நடக்கலாம். இதற்குப் பெயர் கிரிப்டோஜாக்கிங். கரண்ட் பில் உங்களுக்கு, காசு அவர்களுக்கு.

பிட்காயினைச் சாதாரணக் கணினியில் தோண்டினால் கட்டுப்படியாகாது. அதனால் இவர்கள் பெரும்பாலும் குறிவைப்பது மொனேரோ என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தை. அதை வீட்டுக் கணினியின் பிராசஸரிலேயே தோண்டலாம். பணம் யார் கைக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

சரி, வேலையைத் தொடங்குவோம். விண்டோஸை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: சும்மா இருக்கும்போது பாருங்கள்

எல்லா நிரல்களையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு (பிராசஸர்) என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் உழைக்கும் நிரல் மேலே வரும். சும்மா இருக்கும் கணினியில் மொத்த அளவு பொதுவாக ஒற்றை இலக்கத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். 80, 90 சதவீதம் என்று நின்றால் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் அப்டேட்டும் வைரஸ் ஸ்கேனும்கூட இப்படி ஏற்றிவிடும் என்பதால் அரைமணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

இங்கே ஒரு தந்திரம் உண்டு. சில மைனர்கள், அதாவது தோண்டும் நிரல்கள், டாஸ்க் மேனேஜர் திறந்ததுமே வேலையை நிறுத்திக்கொள்ளும். திறந்தவுடன் இரைச்சல் அடங்கி, மூடியதும் மறுபடி கிளம்பினால், திரையில் தெரியும் எண்ணைவிட உங்கள் காதையே நம்புங்கள்.

படி 2: பிரவுசரா, கணினியா?

பிரவுசரை முழுதாக மூடியதும் அளவு சட்டென்று இறங்கினால் கோளாறு ஏதோ ஒரு தளத்திலோ எக்ஸ்டென்ஷனிலோதான். எனக்கு ஒருமுறை இலவச மென்பொருள் தளம் ஒன்றின் டேபை மூடியதும் 96 சதவீதம் 4 ஆக இறங்கியது. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். நினைவில்லாத எக்ஸ்டென்ஷன்களை யோசிக்காமல் நீக்குங்கள்.

2017-இல் வந்த காயின்ஹைவ் என்ற ஸ்கிரிப்ட்தான் (தளத்தில் செருகும் சிறு நிரல்) பிரவுசரில் தோண்டும் இந்த வகையைப் பரப்பியது. 2019 மார்ச்சில் அது மூடப்பட்டாலும் வழிமுறை சாகவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் இத்தகைய ஸ்கிரிப்ட்களைத் தானாகவே தடுக்கிறது. மற்ற பிரவுசர்களில் நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: கணினிக்குள்ளேயே இருந்தால்

சந்தேகமான நிரல்மேல் ரைட் கிளிக் செய்து அதன் கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸின் சொந்த நிரலான எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe) சிஸ்டம்32 கோப்புறையில் இருக்க வேண்டும். அதே பெயரில் ஒன்று தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையில் உட்கார்ந்திருந்தால் அது வேஷம்.

உடனே அழித்துவிடாதீர்கள், பலதும் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் பதிந்துகொண்டு, அழித்தாலும் திரும்ப வரும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகக் கிளம்பும் முன்பே தேடும். மைனர் ஒளிந்துகொள்ள அங்கே இடம் குறைவு. அப்படியும் போகவில்லையென்றால் முக்கியமான கோப்புகளை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு விண்டோஸை புதிதாக நிறுவுவதே உத்தமம்.

போனில்?

செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைப் பாருங்கள். நீங்கள் திறக்கவே திறக்காத செயலி முதலிடத்தில் இருந்தால் நீக்கிவிடுங்கள். அலட்சியம் வேண்டாம், 2017-இல் லோவாப்பி என்ற ஆண்ட்ராய்டு மால்வேரைச் சோதித்தபோது இரண்டே நாளில் போனின் பேட்டரி உப்பிப்போனது.

மறுபடி வராமல் இருக்க

கிராக் செய்த மென்பொருளும் விளையாட்டும்தான் இவை நுழையும் பெரிய வாசல். அதை அடைத்து, அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மைனர் நுழைந்த ஓட்டை வழியாகக் கடவுச்சொல் திருடும் நிரலும் கூடவே வந்திருக்கலாம். ஆகவே மெயில், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.