சுரங்கக் கழிவு அணைகளின் நிலத்தடிக் கசிவு: அரசுக் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சும் சேறுதான் டெய்லிங்ஸ். அதைத் தேக்கி வைத்திருக்கும் அணை உடைந்தால் அன்றே உலகத்துக்குத் தெரிந்துவிடும். அடியில் கசிந்தால் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. கண்காணிப்புக் கிணறுகளும் காலாண்டு அறிக்கைகளும் இருந்தும் கசிவு தப்பிவிடுகிறது என்றால், பெரும்பாலும் கேட்கும் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. "வரம்பு மீறியதா?" என்று மட்டும் அதிகாரிகள் கேட்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு, எந்தப் பக்கம், எந்த ஆழத்தில் போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

"கசிவே இல்லை" என்பதை ஏற்றுக்கொள்வது

கசியாத தேக்கம் கிடையாது. 100 ஹெக்டேர் பரப்பு, அடியில் நன்றாக இறுக்கிய களிமண், அதன் நீர் கடத்தும் திறன் விநாடிக்கு ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு, நீர்ச்சரிவு (நீர்மட்ட வித்தியாசத்தை நீர் கடக்கும் தூரத்தால் வகுத்தது) 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் எவ்வளவு நீர் போகும் என்று கணக்கிடும் டார்சி விதிப்படி விநாடிக்கு 1 லிட்டர், நாளொன்றுக்கு சுமார் 86 கன மீட்டர் கீழே இறங்கும். களிமண் பத்து மடங்கு தளர்வாக இருந்தால் 860 கன மீட்டர். பிளாஸ்டிக் விரிப்பு போட்டாலும் ஒட்டுகளிலும் சிறு துளைகளிலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆகவே எவ்வளவு கசியும், அதில் எவ்வளவு பிடித்துத் திருப்பி இறைக்கப்படும், மிச்சம் எங்கே போகும் என்ற மூன்றுக்கும் அனுமதி ஆணையிலேயே விடை இருக்க வேண்டும்.

நீர்க்கணக்கை வைத்துக் கசிவு இல்லை என்று நிரூபிக்கும் வழக்கமும் உண்டு. வந்த நீரிலிருந்து ஆவியானது, திரும்ப எடுத்தது, சேற்றுக்குள் தங்கியது எல்லாவற்றையும் கழித்தால் சுழி வருகிறது என்பார்கள். அதே 100 ஹெக்டேரில் ஆவியாதலை நாளுக்கு 1 மில்லிமீட்டர் கூட்டி மதிப்பிட்டாலே 1,000 கன மீட்டர் கணக்கிலிருந்து மறைந்துவிடும். நன்றாக இறுக்கிய களிமண்ணுக்கு முன்னே சொன்ன 86 கன மீட்டர் கசிவைப்போல் பத்து மடங்குக்கு மேல் இது.

கிணறு இருக்கிறது, ஆனால் தண்ணீர் அதன் வழியே போகவில்லை

அதிகம் நடக்கும் தவறு இதுதான், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். வண்டி போகும் பாதையோரம், துளையிட வசதியான இடத்தில் கிணறு போட்டுவிடுகிறார்கள். கசிவோ பழைய ஓடைப் படுகையிலோ பாறை விரிசலிலோ ஒடுங்கிப் போகும். 20 மீட்டர் தள்ளியுள்ள கிணற்றில் எதுவும் தெரியாது. ஆழமும் அப்படித்தான். நீர் புகும் துளைப்பகுதியை 15 மீட்டர் நீளத்துக்கு வைத்தால் மேலடுக்கின் மாசும் கீழடுக்கின் நல்ல நீரும் கலந்து, சராசரி அழகாக வரும். ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழத்தில் இரண்டு மூன்று கிணறுகள், ஒவ்வொன்றிலும் துளைப்பகுதி குட்டையாக: இப்படித்தான் போட வேண்டும்.

தேக்கம் நிரம்ப நிரம்ப அதனடியில் நிலத்தடி நீர் மேடுபோல் உயரும். அப்போது நீர் எல்லாப் பக்கமும் வழிந்தோடும். ஒப்பீட்டுக்காக மேட்டுப்பக்கம் போட்ட கிணற்றையும் அது எட்டிவிடும். அந்தக் கிணற்றின் அளவுகள் மெல்ல ஏற, கீழ்ப்பக்கக் கிணறுகளுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். அறிக்கையில் "இயல்பு நிலை" என்று எழுதுவார்கள். ஒப்பீட்டுக் கிணறு தேக்கத்தின் பாதிப்பு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். நீர்மட்ட வரைபடத்தை ஆண்டுதோறும் புதிதாக வரைந்து அதைச் சரிபார்க்க வேண்டும்.

சுரங்கம் தொடங்கும் முன் குறைந்தது ஓராண்டு, எல்லாப் பருவங்களிலும் அளவெடுக்கவில்லை என்றால் பிறகு மீள்வது கடினம். கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில், மணலில் கலந்த எண்ணெயைப் பிரிக்கும் எண்ணெய்மணல் சுரங்கங்களின் தேக்கங்களைப் பற்றி வட அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையம் 2020-ல் ஆவணம் வெளியிட்டது. கழிவுநீர் நிலத்தடியில் சேர்வதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு என்று அது பதிவு செய்தது. ஆனால் அங்கே மண்ணிலேயே பிட்டுமன் என்ற கெட்டியான எண்ணெய் இருப்பதால், எது இயற்கை, எது கழிவு என்று பிரிப்பதே பெரும் சிக்கலாக இருந்தது.

தாமதமாக வருவதைத் தேடி, முதலில் வருவதை விட்டுவிடுவது

கந்தகம் கலந்த சல்ஃபைடு தாதுச் சுரங்கங்களில், அந்தக் கந்தகத்திலிருந்து உண்டாகும் சல்ஃபேட் ஏறக்குறைய நீரின் வேகத்திலேயே நகரும். ஆர்செனிக், ஈயம், துத்தநாகம் எல்லாம் மண்ணில் ஒட்டி ஒட்டிப் பின்தங்கி வரும். உலோகங்களுக்கு மட்டும் வரம்பு வைத்திருந்தால், சல்ஃபேட் கொடுத்த எச்சரிக்கை யார் கண்ணிலும் படாது. சல்ஃபேட்டும், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனும் தொடர்ந்து ஏறினால், வரம்பை எட்டாவிட்டாலும் விசாரணை தொடங்கும்படி விதி இருக்க வேண்டும்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீர் கடத்தும் திறன் விநாடிக்கு ஒரு மீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு, சரிவு நூற்றுக்கு ஒன்று, நுண்துளை அளவு 25 விழுக்காடு உள்ள மணலில், நீர் ஆண்டுக்குச் சுமார் 12.6 மீட்டர் நகரும். 500 மீட்டருக்கு அப்பால் உள்ள கிணற்றை எட்ட 40 ஆண்டுகள். அங்கே ஐந்தாண்டுகளாகச் சுத்தமான முடிவு வருவது எதற்கும் சான்றில்லை.

மாதிரி எடுப்பதிலும் ஆய்வகத்திலும்

காற்றுப் படாத நிலத்தடி நீரில் இரும்பு கரைந்தே இருக்கும். பாட்டிலில் காற்றுப் பட்டதும் துருவாகி அடியில் படியும், ஆர்செனிக்கையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஆய்வகத்தில் வடிகட்டினால் அளவு பொய்யாகக் குறையும். மாறாக, கலங்கிய நீரை வடிகட்டாமல் அமிலம் சேர்த்தால் களிமண்ணில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து, அளவு பொய்யாகக் கூடும். "சேறு கலந்துவிட்டது" என்று நிறுவனம் அதைத் தள்ளுபடி செய்யும். கரைந்த உலோகத்துக்கு வயலிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டி, உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலக்காரத்தன்மையை (pH) 2-க்குக் கீழ் கொண்டுவர வேண்டும். அதற்கு முன், கிணற்றைச் சற்று மெதுவாக இறைத்து, மின்கடத்துதிறனும் வெப்பநிலையும் நிலைப்படும்வரை காத்திருக்க வேண்டும்.

"கண்டறியப்படவில்லை" என்று வந்தால், எந்த அளவுக்குக் கீழ் கண்டறிய முடியாது என்று கேளுங்கள். குடிநீரில் ஆர்செனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கருவியே 50-க்குக் கீழ் காட்டாது என்றால் அந்த முடிவால் பயனில்லை.

துறைகளுக்கு இடையே விழும் பள்ளம்

அணையின் உறுதியை ஒரு துறை பார்க்கும், நீரின் தரத்தை இன்னொன்று. அணைக்குள் வடிகால் போட்டு நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் அணைப் பொறியாளருக்கு நிம்மதி. அந்த வடிகால் நீர் விரிப்பில்லாத வாய்க்காலில் விழுந்தால் மறுபடி நிலத்தடிக்கே போகும். அணைக்குள் நீரழுத்தத்தைக் காட்டும் பீசோமீட்டர் அளவுகளும் கிணற்று வேதியியலும் ஒரே மேசையில், ஒரே வரைபடத்தில் இருந்தால்தான் இது பிடிபடும். எண்களைப் பட அறிக்கையாக வாங்காமல் அட்டவணைக் கோப்பாக வாங்குவதும் அவசியம்.

நிறுவனம் வரம்புக்குள் இருக்கிறதா என்று அளக்கும் இடத்தை "நிறுவனத்தின் நில எல்லை" என்று எழுதவே கூடாது. பக்கத்து நிலத்தை விலைக்கு வாங்கினால் எல்லையே நகர்ந்துவிடும். தேக்கத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஆணையில் நிலையாகக் குறிக்க வேண்டும்.

மக்களுக்குச் சொல்வதைத் தள்ளிப்போடுவது

அல்பெர்ட்டாவின் கியர்ல் எண்ணெய்மணல் சுரங்கத்தில் 2022 மே மாதம் நிறம் மாறிய நீர் வெளிப்பட்டது. கீழ்ப்பக்கம் வாழும் பூர்வகுடிகளுக்கு அதன் முழு விவரம் தெரிந்தது 2023 பிப்ரவரியில்தான், மாகாண ஒழுங்குமுறை அமைப்பு பாதுகாப்பு ஆணை பிறப்பித்த பிறகு. அந்த ஒன்பது மாதமும் அவர்கள் அந்த நிலத்தில் வேட்டையாடி, மீன் பிடித்து உண்டுகொண்டிருந்தார்கள். "உடனடியாக" என்று எழுதினால் அவரவர் வசதிக்கு அர்த்தம் கொள்வார்கள். கண்டறிந்ததிலிருந்து எத்தனை மணி நேரத்துக்குள், யாருக்கு, எந்த மொழியில் தெரிவிக்க வேண்டும், அதன் நகல் எந்த அதிகாரிக்குப் போக வேண்டும் என்பதை அனுமதி ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்.