இ.என்.டி. போஸ்டிங்: கை பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வரும் எம்.பி.பி.எஸ். மாணவர்களின் முதல் வாரப் புலம்பல், "சார், உள்ளே ஒண்ணுமே தெரியலை" என்பதுதான். அநேகமாகக் கோளாறு வெளிச்சத்தில் இருக்கும். நெற்றியில் மாட்டி ஒளியைக் குவிக்கும் ஹெட் மிரரின் குவியத் தூரம் சுமார் 25 செ.மீ. ஆர்வத்தில் முகத்தோடு முகம் ஒட்டிக் குனிந்தால் ஒளி குவியாமல் பரவிவிடும். விளக்கு நோயாளியின் இடது தோளுக்குச் சற்றுப் பின்னால், காது உயரத்தில் இருக்கட்டும். மிரரின் நடுத்துளை வலது கண்ணுக்கு நேராக வர வேண்டும், இடது கண்ணை மூடக் கூடாது. விளக்கைச் சரிசெய்ய வெட்கப்பட்டுக்கொண்டு கழுத்தை வளைப்பவர்கள்தான் அதிகம்.

காதுக்குள் பார்க்கும் ஆட்டோஸ்கோப்பில், வலிக்குமே என்று எல்லாருக்கும் சின்ன ஸ்பெகுலத்தை (காதில் நுழைக்கும் புனல் முனை) எடுக்கிறார்கள். அந்தக் காதுக்குள் வசதியாக நுழையக்கூடியதில் பெரியதுதான் சரி. பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், கைக்குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. பிடித்திருக்கும் கையின் சுண்டுவிரல் கன்னத்தில் ஊன்றியிருந்தால், குழந்தை தலையை ஆட்டினாலும் கருவி கூடவே நகரும், குத்தாது. நல்ல காதை முதலில் பாருங்கள். அப்புறம், செவிப்பறையில் பளிச்சிடும் ஒளிக்கூம்பு தெரிந்ததும் "நார்மல்" என்று எழுதிவிடாதீர்கள். செவிப்பறையின் மேல்பகுதியான அட்டிக்கில் அழுக்குப் பொருக்கு மாதிரி ஒட்டியிருப்பது எலும்பை அரிக்கும் தோல் வளர்ச்சியான கொலஸ்டியடோமாவாக இருக்கலாம்.

அதிகம் சொதப்புவது கேட்கும் திறனைச் சோதிக்கும் டியூனிங் ஃபோர்க்கில்தான் (இசைக்கவை). மேஜை விளிம்பில் 'டங்' என்று தட்டினால் வேண்டாத மேல்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். 512 ஹெர்ட்ஸ் ஃபோர்க்கை முழங்கையில் மெதுவாகத் தட்டினாலே போதும். காதுக்கு முன்னால் காற்று வழியாகவும் பின்னால் எலும்பு வழியாகவும் கேட்பதை ஒப்பிடும் ரின்னே பரிசோதனையில், ஃபோர்க்கின் அடிப்பகுதியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தி வைக்க வேண்டும்; முடியின் மேல் வைப்பதும் மடலில் இடிப்பதும் முடிவைக் கெடுக்கும். கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். "கேக்குதா?" என்றால் நம்மூர்ப் பெரியவர்கள் டாக்டருக்கு மரியாதையாக "கேக்குது தம்பி" என்றே சொல்வார்கள். "ஐயா, முன்னாடி வைக்கும்போது சத்தம் அதிகமா, பின்னாடி வைக்கும்போதா?" என்று கேளுங்கள்.

ரின்னே நெகடிவ் (பின்னால் வைக்கும்போது சத்தம் அதிகம்) என்றதும், ஒலி உள்காதுக்குச் சரியாகப் போய்ச் சேராத கடத்தல் வகைச் செவித்திறன் குறைபாடு என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. ஒரு காது நரம்பு பாதித்து முற்றிலும் செவிடாக இருந்தாலும், எலும்பு வழியாகப் போகும் ஒலியை மறுபக்கத்து நல்ல காது கேட்டுவிடும். நோயாளி "பின்னாடிதான் கேக்குது" என்பார். ஃபோர்க்கை நெற்றி நடுவில் வைக்கும் வெபர் பரிசோதனையில் ஒலி நல்ல காதுப் பக்கம் போனால் இதைச் சந்தேகியுங்கள். கடத்தல் வகை என்றால் பாதித்த காதுப் பக்கம் போயிருக்கும். காதருகே இரைச்சல் எழுப்பும் பராணி பெட்டியால் நல்ல காதுக்கு ஃபோர்க்கின் ஒலி கேட்காதபடி மறைத்துவிட்டு மறுபடி பார்த்தால் குட்டு வெளிப்படும்.

மூக்குக்கு வந்தால், மூக்குத் துவாரத்தை விரித்துப் பார்க்கும் தூடிகம் ஸ்பெகுலத்தை முழுதாக மூடி வெளியே எடுக்காதீர்கள், உள்முடி சிக்கும். தொண்டையில் நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி அழுத்தினால் குமட்டும், அவ்வளவுதான். ஆனால் காய்ச்சலோடு எச்சில் வழிய, கைகளை முன்னால் ஊன்றி மூச்சுவிடத் திணறும் குழந்தையின் வாயில் நாக்கு அழுத்தியை வைக்கவே கூடாது. குரல்வளை மூடி (எபிகிளாட்டிஸ்) வீங்கியிருந்தால் மூச்சுப்பாதை அந்த நொடியே அடைத்துக்கொள்ளும்.

காதில் ஏதாவது மாட்டியிருந்தால் கை துறுதுறுக்கும். உருண்டை மணியை ஃபோர்செப்ஸால் பிடிக்கப்போனால் வழுக்கி உள்ளே போகும். கொக்கியால் பின்னாலிருந்து இழுக்க வேண்டும். பயறு, கடலை என்றால் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, ஊறிப் பருக்கும். உயிருள்ள பூச்சியை எண்ணெய் விட்டுக் கொன்றுவிட்டு எடுங்கள். பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தாலே சொட்டு மருந்தும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சில மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். பிள்ளையை ஓ.பி. வரிசையில் உட்கார வைக்காமல் உடனே சீனியரைக் கூப்பிடுங்கள்.