மாடி வீட்டுக்கு வந்தவர்களிடம் நாங்கள் செய்த தவறுகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்கள் இல்லாத தெரு இன்று குறைவு. எங்கள் மாடியிலும் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் நான்கு வருடம் குடியிருந்தது. அவர்கள்மேல் எங்களுக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அப்படியும் தவறினோம். உங்கள் பக்கத்திலும் யாராவது குடிவந்திருந்தால் நீங்களாவது இவற்றைத் தவிர்க்கலாம்.

எல்லோரையும் 'இந்திக்காரங்க' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஒடிசாக்காரர் வீட்டில் பேசுவது ஒடியா. ஜார்க்கண்டிலிருந்து வருகிற பலருக்குச் சந்தாலி. பீகாருக்குள்ளேயே போஜ்புரி, மைதிலி, மகஹி என்று ஊருக்கு ஊர் மாறும். நான் மாடி வீட்டு அக்காவிடம் ஆறு மாதம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினேன். அவருக்கும் இந்தி அரைகுறைதான் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் தமிழுக்கே மாறிவிட்டோம். என்ன மொழி, எந்த ஊர் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது மரியாதை. சின்னக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிற கொங்கு நாடு இது. அதே வாய், நாற்பது வயதுத் தொழிலாளியை "டேய் பையா" என்கிறது. அவருக்குத் தமிழ் புரியாது என்று நினைக்கிறோம். 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே வருகிறவர் முதலில் கற்றுக்கொள்கிற தமிழ்.

நான் மிகவும் வருந்துவது சாப்பாட்டு விஷயத்தில். பொங்கலுக்கு, ஆடிக்கு எல்லாம் நாங்கள் மாடிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவோம். ஒருநாள் மாடி வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் பகாளா கொண்டுவந்தார். "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். என்ன இருக்குமோ, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்ற தயக்கம். பகாளா வேறொன்றும் இல்லை, நீர் ஊற்றிவைத்த பழைய சோறுதான். தயிர் சேர்த்து, வதக்கிய கீரையோ பொரித்த மீனோ வைத்துச் சாப்பிடுவார்கள். என் பாட்டி தினமும் காலையில் சாப்பிட்டதைத்தான் நான் வேண்டாம் என்றிருக்கிறேன். அதன்பிறகு அவர் எதுவும் கொண்டுவரவில்லை. நாங்கள் கொடுப்பதை மட்டும் வாங்கிக்கொண்டார். கொடுத்துக்கொண்டே இருந்து, வாங்க மறுத்தால், எதிரில் இருப்பவரைக் கீழே நிறுத்துகிறோம். ஒரு வாயாவது சாப்பிடுங்கள். ஒவ்வாமை ஏதும் இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், பொய்க் காரணம் வேண்டாம்.

வாட்ஸ்அப் செய்திகளை நம்புவதும் பெரிய தவறு. 2018-ல் பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் என்று வதந்தி பரவி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. போலீஸ் மறுத்தது, பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. நம் தெருவில் ஒன்றும் நடக்கவில்லையே என்று நாங்கள் பேசாமல் இருந்துவிட்டோம். மாடியில் விளக்கு அணையவே இல்லை. ஊரிலிருந்து விடிய விடிய போன் வந்துகொண்டிருந்ததாம். அன்று மாடியேறிப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து, ஊரில் இருக்கும் அந்த அக்காவின் அம்மாவிடம் வீடியோ காலில் முகம் காட்டியிருந்தால் போதும்.

சின்னதாக இன்னொன்று: ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில், சொந்த மாநிலத்தின் உணவுப் பாதுகாப்பு அட்டை இருப்பவர்கள் கைரேகை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம். பலருக்குத் தெரியாது. முதல் தடவை ரேஷன் கடைக்குக் கூடவே போய்வாருங்கள்.

இப்போது மாடியில் பீகார் குடும்பம் இருக்கிறது. தீபாவளி முடிந்து ஆறாம் நாள், சூரியனை வணங்கும் சத் பூஜை. அந்த அம்மா ஒன்றரை நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கிறார். போன வருடம் பூஜை முடிந்ததும் தேகுவா என்ற பலகாரம் கொண்டுவந்தார். கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த மணம். வாசலிலேயே ஒன்றை எடுத்துக் கடித்தேன்.